வலது கை யாருக்குச் சொந்தம்?

1950களில் அமெரிக்காவின் வட கரோலினா, டென்னசி எல்லையோர மலையூர்களில் சதுர நடனம் என்றால் ஃபிடில் இருந்தாக வேண்டும். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் அந்த ஆட்டத்துக்கு மெட்டைத் தூக்கிப் பிடிப்பது ஃபிடில்தான். கிட்டாருக்கு அங்கே தாளத்தைக் காத்து நிற்கும் வேலை மட்டும். பியானோக்காரர் ஜாக் வில்லியம்ஸ் நடத்திய இசைக்குழுவில் ஃபிடில் வாசிக்க ஆளில்லை. ஆட வந்தவர்களோ சதுர நடனத்தை விடுவதாக இல்லை. குழுவின் கிட்டார்காரர் டீப் கேப் என்ற ஊரைச் சேர்ந்த டாக் வாட்சன். 1923இல் பிறந்து, ஒரு வயது நிறையும் முன்பே கண் நோயால் பார்வையை இழந்தவர். அவர் ஃபிடில் மெட்டுகளை ஸ்வரம் ஸ்வரமாகப் பிய்த்தெடுத்து, விரலிடுக்கில் பிடித்த பிக் என்ற சிறு தகடு ஒன்றால் கிட்டாரில் வாசித்தார். ஆட்டம் நின்றுபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

ஃப்ளாட்பிக்கிங் என்று இன்று சொல்லப்படும் பாணிக்கு இது ஒன்றே ஊற்று என்று சொல்ல முடியாது. டான் ரீனோ, ஜோ மாஃபிஸ் போன்றவர்கள் அதே காலத்தில் பிக்கைக் கொண்டு கிட்டாரில் மெட்டு வாசித்தார்கள். ஹாங்க் கார்லண்ட், கிரேடி மார்ட்டின் ஆகியோர் இசைத்தட்டுகளில் வாசித்ததைக் கேட்டே தனக்கு இந்த யோசனை வந்தது என்று வாட்சனும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நடனக் கூடத்தின் நெருக்கடியில் ஒரு செய்தி இருக்கிறது. வேறொரு வாத்தியத்துக்குச் சொந்தமானதைத் தன் வாத்தியத்துக்குக் கொண்டுவர வேண்டிய தேவையிலிருந்து இந்தப் பாணி வளர்ந்தது. அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிப்பது, அதாவது கவர், ஃப்ளாட்பிக்கிங்கில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமில்லை. அதன் பிறப்பே அப்படித்தான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. வாட்சன் அந்த நடனங்களில் வாசித்தது எலெக்ட்ரிக் கிட்டார். 1960இல் நாட்டார் இசை ஆய்வாளர் ரால்ஃப் ரின்ஸ்லர், டாம் ஆஷ்லி என்ற பழைய பாடகரைப் பதிவு செய்ய அந்தப் பக்கம் வந்தபோதுதான் வாட்சன் வெளியுலகின் கண்ணில் பட்டார். நகரத்து ரசிகர்கள் தேடிக்கொண்டிருந்தது மின்சாரம் தீண்டாத ‘அசல்’ மலையிசை. ஆக, பின்னாளில் அக்கூஸ்டிக் கிட்டாரின் தூய மரபு என்று கொண்டாடப்பட்ட கைவேலை, உண்மையில் மின்கிட்டாரில் பழகிய கையிலிருந்து வந்தது. 1964இல் வெளியான வாட்சனின் முதல் தனி இசைத்தட்டில் ‘பிளாக் மவுண்டன் ராக்’ இருந்தது. கிட்டார் பிடித்த இளைஞர்கள் பலரை அலைக்கழித்த வாசிப்பு அது. அந்த மெட்டும் வாட்சனுடையதில்லை. லெஸ்லி கீத் என்ற ஃபிடில் கலைஞரிடமிருந்து கர்லி ஃபாக்ஸ் என்ற இன்னொரு ஃபிடில் கலைஞர் வழியாகப் பரவியது. ஃபிடிலில் அதை வாசிக்கத் தந்திகளின் சுருதியையே மாற்றி வைத்துக்கொள்வார்கள். விரல் வைக்காத தந்திகள் கூடவே முழங்குவதற்காகச் செய்த வசதி அது. வழக்கமான சுருதியில் நிற்கும் கிட்டாரில் அந்த முழக்கம் கிடைக்காது. அந்த இடத்தை வேறெதாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். வாட்சன் அதை வேகத்தாலும் துல்லியத்தாலும் நிரப்பினார்.

இங்கே கருவியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். விரல்களால் கிட்டார் மீட்டுபவருக்கு வலது கையில் நான்கு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டைவிரல் கீழ்ஸ்தாயியைப் பார்த்துக்கொள்ளும், மற்ற மூன்று விரல்களும் மேலே மெட்டைப் பார்த்துக்கொள்ளும். ஒரே நொடியில் இரண்டு தந்திகளைக் கிள்ளுவது அவருக்குச் சாதாரணம். பிக் பிடித்தவருக்கு இருப்பது ஒரே முனை. ஒரு நேரத்தில் ஒரு தந்தி. மணிக்கட்டு கீழே போனால் ஒரு ஒலி, மேலே வந்தால் இன்னொன்று. அடியில் விழும் ஸ்வரத்துக்கு டவுன் ஸ்ட்ரோக், அடிகளுக்கு நடுவில் விழுவதற்கு அப் ஸ்ட்ரோக் என்பது அடிப்படை விதி. நிமிடத்துக்கு 240 அடி என்று ஓடும் ஃபிடில் மெட்டில், அடிக்கு இரண்டு ஸ்வரம் வீதம் நொடிக்கு எட்டு ஸ்வரங்கள் வரும். அந்த வேகத்தில் மணிக்கட்டு யோசிக்காது. எந்தத் திசையில் போகிறோம் என்பதை முன்கூட்டியே தாளம் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஃபிடிலின் வில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும், ஊதிப் பெருக்கும், தேய்க்கும். கிட்டாரில் பிக் பட்ட கணத்திலிருந்து ஒலி தேய ஆரம்பித்துவிடும். எனவே வில்லின் நீண்ட இழுப்பைக் கிட்டாரில் அப்படியே கொண்டுவருவது நடக்காத காரியம். நீளமான ஸ்வரம் வரும் இடத்தில் கிட்டார்காரர் அதைச் சிறு ஸ்வரங்களாக உடைப்பார், அல்லது பக்கத்துத் தந்தியைச் சேர்த்துத் தட்டுவார், அல்லது இடது கை விரலைத் தந்தியில் சுத்தியல்போல் இறக்கிப் பிக் படாமலே இன்னொரு ஸ்வரத்தை எழுப்புவார். இதில் எதைச் செய்வது என்று மெட்டு சொல்லித்தராது. வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே மெட்டை மூன்று ஃப்ளாட்பிக்கர்கள் வாசித்தால் மூன்றும் வேறாகக் கேட்பதன் முதல் காரணம் இது.

கிட்டாருக்கு மெட்டு வாசிக்கும் மரியாதை ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு விடை எளிது. சத்தம் போதாது. பான்ஜோவும் ஃபிடிலும் மாண்டலினும் சூழ்ந்த புளூகிராஸ் குழுவில், 1940களில், கிட்டார் பெரும்பாலும் கார்டுகளைத் தட்டிக்கொண்டும் வரிகளுக்கு இடையே கீழ்த்தந்திகளில் ஒரு சிறு ஓட்டம் கொடுத்துக்கொண்டும் இருந்தது. மார்ட்டின் கம்பெனி 1930களில் தன் பெயரில் கொண்டுவந்த ட்ரெட்நாட் என்ற அகலமான உடல் கொண்ட கிட்டாரும், மைக்கும் சேர்ந்துதான் அதற்கு முன்வரிசையில் இடம் வாங்கித் தந்தன.

வட கரோலினாவின் ஜார்ஜ் ஷஃப்லர் என்ற கிட்டார்காரரைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது. ஸ்டான்லி சகோதரர்கள் என்ற புளூகிராஸ் குழுவின் மெதுவான பாடல்களுக்கு அவர் வாசித்தார். மெதுவான பாட்டில் பிக் பிடித்தவர் படும் பாடு பெரிது. வேகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது, விட்டால் இடைவெளி இளிக்கும். ஷஃப்லர் மூன்று தந்திகளின் மீது பிக்கைச் சுழற்றி ஓயாத ஒரு ஓட்டத்தை உண்டாக்கினார். கிராஸ்பிக்கிங் என்பார்கள். நம் காதுக்கு இதை விளக்குவது சுலபம். எட்டு ஸ்வரங்களைத் ‘தகிட தகிட தக’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ‘த’வும் அழுத்தம். டவுன், அப், டவுன், அப் என்று விதிப்படி போனால் முதல் ‘த’ டவுனிலும், இரண்டாவது ‘த’ அப்பிலும், மூன்றாவது மீண்டும் டவுனிலும் விழும். அப் ஸ்ட்ரோக்கின் ஒலி இயல்பாகவே மெலிந்தது. நடு அழுத்தம் கொஞ்சம் பதுங்கிக் கேட்கும். ஷஃப்லர் விதியை மீறினார். டவுன், டவுன், அப்; டவுன், டவுன், அப்; டவுன், அப். இப்போது மூன்று ‘த’வும் டவுனில் விழுகின்றன. முதல் தந்தியை அடித்த பிக் கீழே சரிந்து அடுத்த தந்தியில் தானாகவே இறங்குகிறது. கேட்பவருக்கு ஒலி உருளுகிறது.

இரண்டு வழியிலும் ஸ்வரங்கள் ஒன்றேதான். காகிதத்தில் எழுதினால் ஒரு புள்ளி மாறாது. ஆனால் காதுக்கு அவை இரண்டு வேறு பாட்டுகள். ஃப்ளாட்பிக்கிங்கில் ஒரு கவரை உருவாக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகின்றன என்பது என் எண்ணம். இடது கை பாட்டைச் சொல்கிறது, அந்தப் பாட்டை யார் சொல்கிறார் என்பது வலது கையில் இருக்கிறது.

இதைக் கேட்டுச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து டோனி ரைஸை விடப் பொருத்தமான ஆள் இல்லை. 1951இல் வர்ஜீனியாவின் டான்வில்லில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் அங்கே கிளாரன்ஸ் வைட்டின் வாசிப்பைக் கேட்டார். வைட் அவரைவிட ஏழு வயது மூத்தவர். கென்டக்கி கர்னல்ஸ் என்ற குழுவில் வாசித்தபோதே, டாக் வாட்சனின் நேரான ஓட்டத்தை எடுத்து அதில் ஓட்டை போட்டவர். ஸ்வரம் விழ வேண்டிய இடத்தில் மௌனம் விழும், எதிர்பாராத அரை அடியில் ஒரு குத்து விழும். பின்னர் தி பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் மின்கிட்டார் வாசிக்கப் போனார். 1973இல், 29 வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் சாலையில் கொல்லப்பட்டார்.

வைட் வாசித்த 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28 கிட்டார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கைமாறியிருந்தது. ஒலித்துளை வழக்கத்தைவிட அகலமானது. விரல்பலகை வேறொரு கிட்டாரிலிருந்து வந்து ஒட்டியது. 1975இல் ரைஸ் அதைத் தேடிப்பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். கடைசிவரை அதை வைத்திருந்தார். 1993இல் ஃப்ளோரிடாப் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கியபோதும் காப்பாற்றிச் சரிசெய்து வாசித்தார். கிட்டார் ரசிகர்கள் இந்த வாத்தியத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பக்தி முற்றிவிடுகிறது. அதே கிட்டாரில் வைட்டின் கையும் ரைஸின் கையும் எழுப்பும் ஒலி ஒன்றல்ல என்பதைப் பதிவுகளில் யாரும் கேட்கலாம். மரம் எவ்வளவு செய்யும், கை எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

1983இல் ரைஸ் ‘சர்ச் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதற்குமுன் ஜே.டி. க்ரோவின் புளூகிராஸ் குழுவில் இருந்தார். டேவிட் கிரிஸ்மனின் குழுவில் ஜாஸ் கலந்த வாத்திய இசையில் நான்கைந்து ஆண்டுகள் இருந்தார். இந்தத் தட்டில் குழு இல்லை. ஒரு குரல், ஒரு கிட்டார், சில பாட்டுகளுக்குத் தம்பி வயட் ரைஸ் இரண்டாவது கிட்டார். தட்டில் ஒரு பாட்டுகூட ரைஸ் எழுதியதில்லை. தலைப்புப் பாட்டு நார்மன் ப்ளேக்குடையது. பாப் டிலன், கார்டன் லைட்ஃபுட், டாம் பாக்ஸ்டன், ஜிம்மி ராட்ஜர்ஸ், பில் மன்ரோ, இங்கிலாந்தின் ரால்ஃப் மக்டெல், கூடவே பழைய நாட்டார் பாட்டுகள். அப்படியிருந்தும் ரைஸ் யார் என்று கேட்பவருக்கு ரசிகர்கள் முதலில் எடுத்து நீட்டும் தட்டு இதுவாகத்தான் இருக்கிறது. ஒரு கீர்த்தனையைத் தியாகராஜர் இயற்றினார் என்பதால் பாடகரின் பங்கை யாரும் குறைத்து மதிப்பதில்லை என்று பழகிய நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுவதுதான் கலைஞனுக்கு அழகு என்று 1960களுக்குப் பின் நம்பிய அமெரிக்க இசையுலகில் இது துணிச்சல்.

‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லண்டன்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். மக்டெல் அதை 1969இல் பதிவு செய்தார். விரல்மீட்டில் அமைந்த பாட்டு. கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் இடமும் வலமுமாக நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டின் நிழலை வரையும். ஊரில் யாருமற்று அலையும் முதியவர்களைப் பற்றிய பாட்டு அது. அந்தக் கட்டைவிரலின் சீரான நடை அவர்களுடைய நடையாகவே காதில் விழுகிறது. அந்தப் பாட்டின் பாதி உயிர் அதில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பிக் பிடித்த ரைஸுக்கு அந்த நடை கிடைக்காது. கீழும் மேலும் ஒரே கணத்தில் ஒலிக்க வழியில்லை. இரண்டு சாத்தியங்கள் உண்டு. கீழ்த்தந்தியில் தொடங்கி மேல்தந்திவரை பிக்கை வேகமாக இழுத்து, ஒரே கணம்போல் காட்டி ஏமாற்றலாம். தொடர்ந்து செய்தால் சலிக்கும். அல்லது, ஒரே கணம் என்ற நினைப்பையே விட்டுவிட்டு, இரண்டு குரல்களையும் ஒரே கோட்டில் முன்பின்னாக அடுக்கலாம். ரைஸ் இரண்டாவது வழியில் போகிறார். சுற்றின் தொடக்கத்தில் கீழே ஒரு ஸ்வரத்தை ஊன்றிவிட்டு, அடுத்த சுற்றுவரை கிராஸ்பிக்கிங் ஓட்டமாகத் தந்திகளின் மீது போய்வருகிறார். கீழ்ஸ்தாயி நடப்பதில்லை. ஊன்றிய ஒற்றை ஸ்வரத்தின் எஞ்சிய ஒலியைக் காது தானே நீட்டிக்கொள்கிறது. விளைவு, பாட்டின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தும் அதில் நடை போய் ஓட்டம் வந்துவிடுகிறது. மக்டெல் அந்த முதியவர்களோடு சேர்ந்து நடக்கிறார். ரைஸின் பதிவில் தெரு அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. குரலில் அவர் கூடுதலாக எந்த உருக்கமும் காட்டவில்லை. பாட்டின் பொருளை நகர்த்தியது பிக்.

எனக்கு மக்டெலின் பதிவுதான் இன்னும் நெருக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவர் மூலத்தை வென்றதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு தடை எப்படி ஒரு வாசிப்பாக மாறுகிறது என்பதுதான் பார்க்கத் தக்கது.

லைட்ஃபுட்டின் பாட்டு வேறு வகைச் சிக்கல். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். மறு ஆண்டே லைட்ஃபுட் அதைப் பாட்டாக்கினார். நீளமான கதைப்பாட்டு, பல்லவி கிடையாது, ஒரே மெட்டு சரணத்துக்குச் சரணம் திரும்பத் திரும்ப வருகிறது. லைட்ஃபுட்டின் பதிவில் மின்கிட்டார் இடையிடையே வந்து கதைக்குப் புயலைத் தருகிறது. ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரில் அந்தத் துணை இல்லை. போதாக்குறைக்குப் பாட்டு திஸ்ர நடையில் போகிறது. பிக்குக்குத் திஸ்ரம் ஆகாத நடை. டவுன், அப், டவுன் என்று முதல் மூன்று. அடுத்த மூன்று அப்பில் தொடங்கிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தம் தலைகீழாகும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு மூன்றின் தலையிலும் டவுன் வைத்தால் ‘டவுன், அப், டவுன், டவுன், அப், டவுன்’ என்று அடுத்தடுத்து இரண்டு டவுன்களுக்கு மணிக்கட்டு வெறுங்கையாக மேலே திரும்பிவர வேண்டும். ஓட்டத்தில் ஒரு சிறு மூச்சு விழும். எந்த வழியை எடுத்தாலும் அலை வேறு மாதிரி அடிக்கும். மேடையில் இந்தப் பாட்டைப் பாடியபடி வாசிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடமும் இதுதான். வார்த்தையின் அழுத்தம் ஒரு பக்கம் இழுக்க, கையின் அழுத்தம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

பாடிக்கொண்டே ஃப்ளாட்பிக்கிங் செய்வதில் வேறொரு கணக்கும் உண்டு. ஸ்ட்ரம் செய்து பாடுபவருக்குக் கை ஒரு இயந்திரம்போல் ஓடும், மனம் முழுக்க வார்த்தையில் இருக்கலாம். ஃப்ளாட்பிக்கர் வரியின் நடுவே பின்வாங்கி, வரி முடியும் இடத்தில் நாலைந்து ஸ்வரங்களில் ஒரு பதில் சொல்லி, அடுத்த வரி தொடங்கும்போது மீண்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே ஆள். அந்தப் பதிலை எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் பாட்டு செத்துவிடும். இணையத்தில் காணக் கிடைக்கும் கவர்களில் பாதிக்கு மேல் இந்த நோய்தான். திறமை இருப்பது தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வரிக்கும் மறு வரிக்கும் நடுவில் காற்று புக இடம் விடுவதில்லை.

கையில் பிடிக்கும் பிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராக் இசைக்காரர்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் சமாளிப்பார்கள். ஃப்ளாட்பிக்கர்களுக்கு வளையாத, தடித்த பிக் வேண்டும். வைட்டும் ரைஸும் கூர்முனையை விட்டுப் பிக்கின் உருண்ட மூலையால் வாசித்தவர்கள். ஒலியில் கீச்சல் குறைந்து கனம் கூடும். அந்தத் தலைமுறை உயிராக மதித்த பிக்குகள் ஆமை ஓட்டிலிருந்து செய்தவை. நம் மன்னார் வளைகுடாவிலும் தென்படும் அழுங்காமையின் ஓடு அது. 1970களில் வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அந்த வணிகத்தைத் தடை செய்தது, அதுவே நியாயம். இப்போது தொழில்துறைப் பிளாஸ்டிக்கிலிருந்து வெட்டிய பிக்குகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். ஒலி அதேதானா என்ற விவாதம் ஓயவில்லை.

நார்மன் ப்ளேக்கிடம் வருவோம். தலைப்புப் பாட்டை எழுதிய அவரே தேர்ந்த ஃப்ளாட்பிக்கர். 1938இல் சட்டனூகாவில் பிறந்தவர். ஜானி கேஷுடன் வாசித்தவர். டிலன் 1969இல் வெளியிட்ட ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ பதிவிலும் வாசித்தார். ரைஸ் தன் தட்டில் எடுத்துக்கொண்ட டிலன் பாட்டு அதே ‘நாஷ்வில் ஸ்கைலை’னிலிருந்துதான் வந்தது. இந்த உலகம் அவ்வளவு சிறியது. ப்ளேக்கின் வாசிப்பில் பழைய காலத்துத் தளர்வு உண்டு. மெட்டும் கார்டும் ஒரே கையசைப்பில் கலந்து வரும், கிட்டார் பாட்டுக்குத் திண்ணைபோல் இருக்கும். ரைஸ் அதே பாட்டை எடுத்து இறுக்குகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கிறது. ப்ளேக் இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு தட்டே பதிவு செய்தார்கள்.

இன்று அந்தப் பாட்டைக் கற்கும் இளைஞர் ப்ளேக்கிடம் போவதில்லை. ரைஸின் பதிவை எடுத்து, அதை ஸ்வரம் ஸ்வரமாகக் காகிதத்தில் இறக்கிய டேப் குறிப்பை வைத்துக்கொண்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டு, எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டில் விரல் என்பதுவரை அப்படியே வாசிக்கிறார். பயிற்சி என்ற அளவில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரைஸும் வைட்டின் வாசிப்பைச் சிறுவயதில் அப்படித்தான் உறிஞ்சியிருப்பார். ஆனால் அதே வாசிப்பு மேடையிலும் அச்சாக வரும்போது ஒரு விபரீதம் நடக்கிறது. மூலத்தை அப்படியே வாசிக்க மறுத்ததால் பிறந்த ஒரு கவர், அப்படியே வாசித்தாக வேண்டிய மூலமாகிவிடுகிறது. ரைஸின் மேடைப் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் அவரே தன் தட்டில் வாசித்ததை அச்சடிக்கவில்லை என்பது புரியும். டேப் குறிப்பு இடது கையின் இருப்பிடத்தைச் சொல்லும். வலது கை எவ்வளவு அழுத்தியது, எங்கே ஒரு மயிரிழை முந்தியது என்பதெல்லாம் அதில் ஏறாது. ஏறாத பகுதிதான் ரைஸ்.

அவருக்குப் பாட்டு நீடிக்கவில்லை. 1994 வாக்கில் தொண்டைத் தசை இறுக்கத்தால் குரல் போனது. அதன்பின் கிட்டார் மட்டும். லைட்ஃபுட் பாட்டுகளை அவர் வெவ்வேறு காலங்களில் பாடியதையெல்லாம் சேர்த்து 1996இல் ஒரு தொகுப்பு வந்தது. பின்னர் கைமூட்டும் ஒத்துழைக்க மறுத்தது. 2013க்குப் பின் அவர் பொதுமேடையில் வாசிக்கவில்லை. 2020 டிசம்பர் 25 அன்று வட கரோலினாவின் ரீட்ஸ்வில்லில் காலமானார்.

அதற்கு முந்தைய மாதம், பஞ்ச் பிரதர்ஸ் என்ற ஐவர் குழு நாஷ்வில்லில் கூடி, ‘சர்ச் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ இசைத்தட்டை முழுவதுமாகத் தங்கள் பாணியில் பதிவு செய்திருந்தது. ரைஸுக்குப் பரிசாகத் தர நினைத்த வேலை, அவர் கேட்காமலே போய்விட்டார். 2022 ஜனவரியில் ‘ஹெல் ஆன் சர்ச் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் அது வெளியானது. குழுவின் கிட்டார்காரர் கிறிஸ் எல்ட்ரிட்ஜ் ரைஸிடமே பாடம் கேட்டவர். அச்சடிக்க எல்லாத் தகுதியும் உள்ள கை. அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒற்றைக் கிட்டார் முன்பின்னாக அடுக்கியதை மாண்டலின், ஃபிடில், பான்ஜோ, கிட்டார், டபுள் பேஸ் ஆகிய ஐந்துக்கும் பிரித்துக்கொடுத்து, சில இடங்களில் மெட்டை அடையாளம் தெரியாத அளவுக்குக் கலைத்தார்கள். எல்லாப் பாட்டிலும் அது பலித்தது என்று சொல்ல மாட்டேன். கெட்டிக்காரத்தனம் பாட்டை மூச்சுமுட்ட வைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ரைஸிடமிருந்து எதைக் கற்க வேண்டுமோ அதைக் கற்றிருக்கிறார்கள்.

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் ஒருவர் பாட்டை இன்னொருவர் பதிவு செய்ய 1909 முதலே கட்டாய உரிமம் உண்டு. தானாக வாசிக்கும் பியானோக்களின் காலத்தில், பியானோக் கம்பெனி ஒன்றே எல்லாப் பாட்டையும் வளைத்துப்போட்டுவிடும் என்ற பயத்தில் வந்த ஏற்பாடு. பிரதி ஒன்றுக்கு 2 சென்ட் என்று வைத்த தொகை 1978 வரை ஏறவே இல்லை. இன்று நடைமுறையில் உள்ள சட்டத்தின் 115ஆம் பிரிவு, பாட்டின் அடிப்படை மெட்டையும் இயல்பையும் மாற்றாதவரை, தன் பாணிக்கேற்ப அமைத்துக்கொள்ளக் கவர் கலைஞருக்கு இடம் தருகிறது. எழுதியவரின் அனுமதியைக் கேட்கத் தேவையில்லை, பணம் கொடுத்தால் போதும்.

சென்னையில் உட்கார்ந்து ஒரு திரைப்பாட்டைக் கிட்டாரில் கவராகப் பதிவு செய்து வெளியிட நினைப்பவருக்கு நிலைமை வேறு. 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31சி பிரிவு, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகட்டும் என்கிறது. பாட்டு ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்கிறது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், தொழில்நுட்பக் காரணத்துக்கு அவசியமான மாற்றத்தைத் தவிர வேறெதையும் செய்யாதே என்கிறது. மக்டெலின் விரல்நடையைக் கிராஸ்பிக்கிங் ஓட்டமாக்கியது இந்தப் பிரிவின் கண்ணில் தொழில்நுட்ப அவசியமா, கலைஞரின் விருப்பமா? பிக்குக்கு வேறு வழியில்லை என்று வக்கீல் வாதாடலாம். வழிகள் இரண்டு இருந்தன, இவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று எதிர்வக்கீல் சொல்வார். இரண்டுமே உண்மை.

அமெரிக்கச் சட்டம் தாராளம் காட்டும் அதே பிரிவில் இன்னொரு கதவை அடைக்கிறது. கட்டாய உரிமத்தின் கீழ் ஒருவர் செய்துகொண்ட பாணி அமைப்புக்கு, பாட்டின் உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, தனிப் பதிப்புரிமை கிடையாது. ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத நாட்டார் பாட்டை அமைத்திருந்தால் அந்த அமைப்புக்கும் உரிமை கோரலாம். பிறர் எழுதிய பாட்டுக்குள் பிக் எடுத்த முடிவுகளுக்கு எதுவுமில்லை. எனவே ‘ஹெல் ஆன் சர்ச் ஸ்ட்ரீட்’ விற்கும்போது பாட்டெழுதியவர்களுக்கான பங்கு ப்ளேக், டிலன், லைட்ஃபுட், மக்டெல், பாக்ஸ்டன் ஆகியோரின் பக்கத்துக்குப் போகும். இந்தப் பாட்டுகள் ஏன் ஒரே தட்டில் சேர்ந்தன என்பதற்கு ஒரே காரணமான ரைஸுக்கு அந்தப் பங்கில் இடம் கிடையாது.